மலைப்பாதையில் ஒரு கருகல் வாசனை

விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர்கள் கொழும்பில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, தாமே ஓட்டிக்கொண்டு பதுளைக்குப் புறப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மெனுவல் கியர் வண்டி. ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பல வருடங்கள் ஓய்வெடுத்துப் பழகிய இடது கால், வெல்லவாயவைத் தாண்டியதும் திடீரென்று வேலைக்கு அழைக்கப்படுகிறது. இராவணா நீர்வீழ்ச்சியை நெருங்கும் வேளையில் எனக்குத் தொலைபேசி வரும். "அண்ணே, என்னமோ கருகிற மாதிரி மணக்குது. வண்டி எரியப் போகுதா?"

வண்டி எரியப் போவதில்லை. கிளட்ச் தட்டு கருகிக்கொண்டிருக்கிறது. ஓரமாக நிறுத்துங்கள், அரை மணி நேரம் தேநீர் குடியுங்கள், பிறகு பேசுவோம் என்பது என் வழக்கமான பதில். ஊவாவின் வீதிகளில் ஏறத்தாழ முப்பது வருடங்கள் செய்திக்காக அலைந்தவன் என்ற முறையில் அந்த வாசனை எனக்கு நெடுநாட் பழக்கம். பஸ்ஸிலும் அதை முகர்ந்திருக்கிறேன்; கொழுந்து லொறியிலும், கல்யாண வீட்டுக்குப் போன வானிலும் முகர்ந்திருக்கிறேன். பழைய செய்தித்தாளைக் குவித்துக் கொளுத்தினால் வருவது போன்ற நெடி என்று பலரும் சொல்வார்கள். என் தொழிலுக்குப் பொருத்தமான உவமைதான்.

ஆனால் அந்த நெடி எழும்போதெல்லாம் நம்மவர்கள் ஒரே ஒரு தீர்ப்பைத்தான் வைத்திருக்கிறார்கள்: "ஓட்டத் தெரியாதவன்." எல்ல ஏற்றத்தில் என் உறவினர் விடயத்தில் அத்தீர்ப்பு பெரும்பாலும் சரி. அதே தீர்ப்பைத் தோட்டத்துப் பாதையில் லொறி ஓட்டுபவர் மீதும் நாம் எழுதுகிறோம். அங்கே அது அநியாயம். இதைச் சொல்லத்தான் இப்பத்தி. அதற்கு முன் கிளட்ச் என்பது என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கராஜ் பாஸ்மார் பொறுத்தருள்க.

இயந்திரம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டியது. சில்லு நிற்கவும் வேண்டும், நகரவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சமாதானம் செய்யும் தரகர்தான் கிளட்ச். சிறிய கார் என்றால் ஒரு சாணுக்கும் குறைந்த விட்டமுள்ள வட்டத் தட்டு. அதன் இரு முகங்களிலும் உராய்வுப் பூச்சு. இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீலுக்கும் அழுத்தத் தகட்டுக்கும் இடையில் ஸ்பிரிங் விசையால் அது இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். மிதியை அழுத்தினால் பிடி தளரும், விட்டால் இறுகும். முழுதாகப் பிடித்திருக்கும்போது தேய்வு இல்லை. முழுதாக விட்டிருக்கும்போதும் தட்டு தேய்வதில்லை. பாதி பிடித்துப் பாதி வழுக்கும் அந்த இடைப்பட்ட நேரத்தில்தான் தேய்வும் சூடும் உண்டாகின்றன. அந்த நேரம் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்றிருந்தால் ஒரு தட்டு சமதரையில் இலட்சம் கிலோமீற்றரையும் தாண்டி உழைக்கும். அதை நிமிடக் கணக்கில் நீட்டினால் ஒரே பிற்பகலில் கருக்கிவிடலாம்.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள சிறிய கார். எட்டடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். கை பிரேக்கைத் தொடாமல், அரைக் கிளட்சிலேயே வண்டியை ஏற்றத்தில் அந்தரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார் நம்மவர். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் பாரம் சுமார் 125 கிலோ. முதலாம் கியரில் அதைத் தாங்க வேண்டிய முறுக்கு விசையையும், நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழலும் இயந்திரத்தையும் சேர்த்துப் பெருக்கினால், தட்டில் உருவாகும் வெப்பம் மூன்றரைக் கிலோவாற்று அளவில் வருகிறது. குசினியில் இருக்கும் மின்சாரக் கேத்தில் இரண்டை ஒரே நேரத்தில் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. கேத்திலுக்குள் தண்ணீராவது இருக்கிறது. இங்கே மூடிய ஓர் இரும்புக் கூட்டுக்குள் காய்ந்த தட்டு. வண்டியோ ஓர் அங்குலமும் நகரவில்லை. அத்தனை பெற்றோலும் மணமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது வெல்லவாய–எல்ல வீதிக்கு வருவோம். வெல்லவாய கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எல்ல 1000 மீற்றரைத் தாண்டியது. இடையே முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சராசரி எடுத்தால் முப்பத்துச் சொச்சம் அடிக்கு ஓரடிதான் ஏற்றம். வீதியும் நல்ல தார் வீதி. இந்த ஏற்றத்தில் ஒழுங்கான ஒரு காரின் கிளட்ச் கருகுவதற்குச் சரிவு மட்டும் காரணமாக முடியாது. முன்னே ஒரு பாரலொறி ஊர்ந்து போகும். பின்னே நம்மவர் பத்தடி இடைவெளியில், முதலாம் கியரில், அரைக் கிளட்சில் தொங்கிக்கொண்டு வருவார். நீர்வீழ்ச்சி அருகே வாகன நெரிசல். அங்கேயும் அரைக் கிளட்ச்சில் முன்னும் பின்னும் ஆடுவார். முதலாம் கியரில் கிளட்சை முழுதாக விட்டால் வண்டி தானாக மணிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் போகும். அதற்கும் குறைந்த வேகத்தில் ஊர வேண்டுமென்றால் கிளட்ச்தான் விலை கொடுக்கிறது. ஆகவே ஊராதீர்கள். நின்று, கை பிரேக்கை இழுத்து, லொறி முடக்கைக் கடந்து போகவிட்டு, இடைவெளி கிடைத்ததும் ஒரே மூச்சில் ஏறுங்கள். பின்னால் வருபவர் ஹோர்ன் அடிப்பார். அடிக்கட்டும், தட்டு மாற்றும் செலவில் அவர் பங்கு தரப் போவதில்லை.

வாசனை வந்தபின் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கூடிய அளவு சமமான, அகலமான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, காலை மிதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தைச் சில நிமிடங்கள் சும்மா ஓடவிடலாம். தண்ணீர் ஊற்றும் வேலை வேண்டாம். இறங்கி நான்கு சில்லுகளின் அருகிலும் முகர்ந்து பாருங்கள்: ஒரு சில்லருகே மட்டும் சூடும் நெடியும் இருந்தால் அது பிரேக், கிளட்ச் அன்று. இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டரின் கூலன்ட் கசிகிறது. பிளாஸ்டிக் உருகும் வாடை என்றால் வயர். உடனே இயந்திரத்தை நிறுத்திப் பற்றறி இணைப்பைக் கழற்ற வேண்டியதுதான். ஆறிய பிறகு வாசனை போய், வண்டி பழையபடி இழுத்தால் பூச்சின் மேற்பரப்பு மட்டும் கருகியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கவனமாகப் பயணத்தைத் தொடரலாம். இயந்திரம் உறுமுகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் தட்டு வழுக்குகிறது. அந்த வண்டியோடு மேலும் மலையேற வேண்டாம். சந்தேகம் இருந்தால் சமதரையில், முன்னே ஆளில்லாத இடத்தில், கை பிரேக்கை இறுக்கி மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். இயந்திரம் அடைத்து நின்றுவிட்டால் பிடி இருக்கிறது. தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தால் பிடி போய்விட்டது. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து மிச்சம் இருப்பதையும் தேய்த்துவிட வேண்டாம்.

பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கேபிள் வைத்த கிளட்சில், தட்டு தேயத் தேய மிதியின் மேற்பகுதியில் இருக்கும் சும்மா ஆட்டம் குறைந்துகொண்டே வரும். அந்த ஆட்டம் அறவே இல்லாமற் போனால், நீங்கள் காலை எடுத்த பின்னும் கிளட்ச் கொஞ்சம் மிதிபட்ட நிலையிலேயே இருக்கிறது என்று பொருள். கேபிளைத் தளர்த்த வேண்டிய இடத்தில் "இறுக்கிவிட்டேன் சேர்" என்று சொல்லும் கையாட்களை நான் கண்டிருக்கிறேன். இன்னொன்று: இயந்திரத்தின் பின்பக்க ஒயில் சீல் கசிந்து தட்டு நனைந்தால், உங்கள் கால் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தட்டு வழுக்கும். புதுத் தட்டுப் போட்டும் மூன்று மாதத்தில் பழைய கதை என்றால், ஓட்டுபவரைத் திட்டுமுன் சீலைப் பாருங்கள்.

இந்த உராய்வுப் பூச்சின் பிறப்பே ஒரு மலைக்கதை என்பது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும். இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் ஹேர்பர்ட் ஃபுரூட் என்பவர், இறக்கத்தில் குதிரை வண்டிகளை நிறுத்த வண்டிக்காரர்கள் பழைய சப்பாத்தைப் பிரேக் கட்டையில் பொருத்துவதைக் கண்டு, அதைவிட நல்ல உராய்வுப் பொருளைத் தேடப் புறப்பட்டார். 1897இல் தொடங்கிய அந்த முயற்சிதான் பின்னர் ஃபெரோடோ என்ற பெயரில் உலகெங்கும் பிரேக் பூச்சும் கிளட்ச் பூச்சும் விற்றது. முதலில் பருத்தி நாடா, பிறகு அஸ்பெஸ்டஸ், இப்போது பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் இல்லாத கலவைகள். பழைய தட்டுகளும் தரம் தெரியாத மலிவுத் தட்டுகளும் கழற்றப்படும்போது அந்தத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிப் பறக்கவிடுவது நம் கராஜுகளில் சர்வ சாதாரணம். நுரையீரலுக்கு அது நஞ்சு. ஈரத் துணியால் துடைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சரி, தார் வீதியை விட்டு இறங்குவோம்.

பசறையிலிருந்தோ, ஹாலி எலயிலிருந்தோ, அப்புத்தளையிலிருந்தோ பிரதான வீதியில் போகும்போது தோட்டத்தின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பாதை பிரிந்து மேலே போகும். முதல் நூறு யார் தார் இருக்கும். பிறகு கல். அதன் பிறகு, கல் இருந்த இடத்தில் குழி. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், நடுவே தூர்ந்துபோன கான். மழைத் தண்ணீர் கானுக்குள் ஓட வேண்டியது பாதையின் மேல் ஓடி, அடுத்த பருவத்துக்குள் அதையே கானாக்கிவிடும். ஊவாவுக்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவத்தில் வருகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை இந்தப் பாதைகளைப் பார்க்கச் சகிக்காது.

எட்டடிக்கு ஓரடி ஏறும் ஏற்றம் இங்கே அதிசயமன்று. ஆனால் கவனியுங்கள்: பாதை சீராக இருந்தால் அந்த ஏற்றத்தையும் முதலாம் கியரில், கிளட்சை முழுதாக விட்டு, கருகல் இல்லாமல் ஏறிவிடலாம். குழியும் புரண்ட கல்லும் இருக்கும்போது மணிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் வேகம்கூட அதிகம். நடை வேகத்துக்கும் கீழே போக வேண்டும். ஒவ்வொரு குழியிலும் சில்லை இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கு அரைக் கிளட்சைத் தவிர வேறு வழி இல்லை. முடக்குகளோ சிறிய வண்டிக்காக வெட்டப்பட்டவை. லொறி ஒரே வெட்டில் திரும்பாது. ஏற்றத்தில் நின்று, பள்ளத்தை நோக்கி ரிவேர்ஸ் எடுத்து, மறுபடி முன்னே வெட்ட வேண்டும். பின்னே ஒரு கையாள் கல்லும் கையுமாக நிற்பார், சில்லுக்கு அடை வைக்க. இந்த ஓட்டத்தில் தட்டு கருகினால் அதற்கு ஓட்டுபவரின் கால் பொறுப்பா, பாதை பொறுப்பா?

துரைமார் காலத்தில் இதே பாதையில் அவர்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்கலாம். 1948இல் வந்த லேண்ட் ரோவரில் சாதாரணக் கியர்களுக்குக் கீழே இன்னொரு தாழ்கியர் வரிசை உண்டு. அதைப் போட்டால் வண்டி மனிதர் நடக்கும் வேகத்தில், கிளட்ச் முழுதாகப் பிடித்தபடியே ஊர்ந்து ஏறும். பாதைக்கேற்ற வண்டி இருந்தது. பாதையைப் பேணக் கூலியாட்களும் இருந்தார்கள். இன்று அதே பாதையில் ஏறுபவை டிமோ பட்டாவும், பழைய மாருதியும், முச்சக்கர வண்டியும். இவற்றுக்குத் தாழ்கியர் கிடையாது. முச்சக்கர வண்டியின் நிலை இன்னும் மோசம். அதன் கிளட்ச் ஒயிலுக்குள் மூழ்கிய பல தட்டுகளாலானது. ஆதலால் கார் போல எளிதில் மணத்து எச்சரிக்காது. ஒரு நாள் மூன்று பேரோடும் இரண்டு மூட்டை மாவோடும் ஏற்றத்தில் இழுக்காமல் நிற்கும்போதுதான் விடயம் வெளிப்படும். அது நடுப்பாதையாக இருக்கும்; பின்னால் பள்ளம் இருக்கும்.

இப்பாதைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. பெரிய தோட்டங்கள் 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. இடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டு வந்த விளக்கம், தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட முடியாது என்பது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம். சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். அந்த உறுப்பினர் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு தட்டு மண் போடச் சபையைக் கேட்க முடியாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, எஞ்சியோர் 2003வரை காத்திருந்து அதைப் பெற்ற ஒரு சமூகத்துக்குப் பாதை விடயத்திலும் காத்திருப்புத்தான். 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. கதவு திறந்தது உண்மை. ஆனால் கதவோடு காசு வரவில்லை. சபைகளிடம் இருப்பதோ சிறிய வருமானம். கம்பனியைக் கேட்டால் சபையைக் காட்டும். சபையைக் கேட்டால் மாகாணத்தைக் காட்டும். மாகாணத்தைக் கேட்டால் கொழும்பைக் காட்டும். ஏற்றத்தில் அரைக் கிளட்சில் நிற்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நிர்வாகத்தில் கிடையாது.

இதே மலையில் பாதையை வண்டிக்கேற்ப அமைத்தவர்களும் இருந்தார்கள். ரயில் 44 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது மலைப்பாதையை அமைத்த பொறியியலாளர்களின் கணக்கு. தெமோதரையில் உயரம் ஒத்துவரவில்லை என்றதும், பாதையை ஒரு குன்றைச் சுற்றி வளைத்து, அந்த நிலையத்துக்கே அடியில் உள்ள சுரங்கத்தால் கொண்டுபோனார்கள். ஒரு கங்காணியார் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டும்போது அந்த யோசனை பிறந்ததாக இங்கே ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1921இல் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்தது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. தேயிலைப் பெட்டி கொழும்புக்குப் போக வேண்டியிருந்ததால் அதற்கு அவ்வளவு மரியாதை. தேயிலையைப் பறித்தவர்கள் லயத்துக்குப் போகும் பாதைக்கு அத்தகைய கணக்கு எவரும் போடவில்லை.

சில வருடங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு இரண்டு தரம் தட்டு மாற்றுவதாகச் சொன்னார். ஒருமுறை அதன் செலவில் ஒரு பங்கு அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டதாம். "நான் எரிச்சேன்னு எழுதிட்டாங்கண்ணே. பாதை எரிச்சதுன்னு எழுத அந்த பாரத்துல எடம் இல்ல" என்றார். எந்தத் தோட்டம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இரவில் பிரசவ வலி கண்ட பெண்களையும் அதே லொறியில்தான் கீழே கொண்டுபோவதாகவும் சொன்னார். 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை இன்று ஊவாவிலும் இருக்கிறது. அது நல்ல சேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல மேற்கணக்குகளுக்கு அந்த வண்டி ஏறிவர முடிவதில்லை. பிரதான வீதிவரை நோயாளியைக் கொண்டுவர வேண்டியது லொறியோ முச்சக்கர வண்டியோதான். அந்த நேரத்தில் தட்டு வழுக்கினால் அதைப் பதிவதற்கு எந்தப் பாரமும் இல்லை.

இறக்கத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, கியூ.ஆர். அட்டையில் லீற்றர் கணக்கில் வாங்கிய காலத்தில், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஓட்டும் பழக்கம் பரவியது. சிலர் கியரில் வைத்துக்கொண்டே கிளட்சை மிதித்தபடி இறங்குவார்கள். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கிளட்ச் மிதிபட்டிருக்கும்வரை இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்க மறுக்கும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்கு என்று பழைய பஸ் சாரதிகள் சொல்வார்கள். இப்போதைய கார்கள் பலவற்றில், கியரில் வைத்துக் காலை எக்ஸலரேற்றரிலிருந்து எடுத்தால் இயந்திரத்துக்குப் போகும் எரிபொருள் தானாகவே நிறுத்தப்படுகிறது. ஆகவே நியூட்ரலில் மிச்சம் பிடிக்கலாம் என்பதும் வீண் நம்பிக்கை.

லுணுகலை–பசறை வீதியில் 2021 மார்ச் 20ஆம் திகதி பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பதினான்குக்குக் குறையாதோர் இறந்தனர். எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் இறந்தனர். இவற்றுக்குக் கிளட்ச் காரணம் என்று நான் சொல்லவில்லை. பசறையில் சரிந்து விழுந்த பாறையொன்று வீதியின் ஒரு பகுதியை மறித்துக் கிடந்ததையும், அது அகற்றப்படாமல் இருந்ததையும் அப்போது நாடே பார்த்தது. அதன் பிறகும், விபத்து என்றதும் நம் முதற்கேள்வி சாரதியைப் பற்றியதாகவே இருக்கிறது. பத்திரிகைத் தலைப்பு எழுதும் நாங்களும் இதற்கு உடந்தை. "சாரதியின் கவனயீனம்" என்பது மூன்று பத்தி அகலத்தில் அழகாக உட்காரும்.

சாரதிகளைத் தெய்வமாக்கவும் நான் வரவில்லை. ஏற்றத்தில் கை பிரேக் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காலால் உணர்ந்து, பின்னே ஓரடியும் உருளாமல் கிளப்பும் வித்தை ஒரு பிற்பகலில் கற்கக் கூடியது. நான் பார்த்த பயிற்சிப் பாடசாலைகள் சில, மலைநாட்டிலேயே இருந்துகொண்டு, சமதரையில் எட்டுப் போட்டுக் காட்டி மாணவரை அனுப்பிவிடுகின்றன. பதுளையில் அனுமதிப்பத்திரம் எடுப்பவர் ஒரு நல்ல ஏற்றத்தில், பாரம் ஏற்றிய வண்டியில், மூன்று தடவை நின்று கிளம்பிக் காட்டியாக வேண்டும் என்று விதி வைத்தால் யாருக்கு நட்டம்? ஏற்றம் தேடி அலைய வேண்டிய ஊரா இது?

புது வண்டி வாங்கினால் தீரும் என்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அல்ல, கொழும்பு வக்கீலும் யோசிப்பார். இருபது, முப்பது வருடப் பழைய கியர் வண்டிகள் இந்த மலைகளில் இன்னும் வெகுகாலம் ஏறத்தான் போகின்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தை எப்படி உலுக்கின என்பதை வாசகர்கள் அறிவார்கள். திருத்த வேலைகளில் பிரதான வீதிக்கு முதலிடம் கொடுப்பது நியாயம். தோட்டப் பாதை அதற்கு அடுத்த பட்டியலிலாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபைகள் பசறையிலும் லுணுகலையிலும் ஹாலி எலயிலும் ஹல்துமுல்லையிலும் இருக்கின்றன. சபை பொறுப்பேற்ற வீதிகளின் பதிவேட்டில் 2018க்குப் பின் எத்தனை தோட்டப் பாதைகள் சேர்க்கப்பட்டன, எவை, ஒவ்வொன்றிலும் என்ன வேலை நடந்தது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவித்தாக வேண்டும். ஊரில் குடியுரிமை வைத்திருக்கும் அன்பர்கள் தத்தம் தோட்டத்தின் பெயரைப் போட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். தமிழிலேயே எழுதலாம். பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் பாதையின் பெயரோடு போடுகிறேன்.